மூன்றாம் டேங்கின் வாசல்

போன மாதம் நிர்மலா ஈப்போவில் என் வீட்டுக்கு வந்தாள். ஒரு காலத்தில் என் ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவக் கற்றுக்கொண்டவள். இப்போது பாதுகாப்பு அதிகாரி. பேராக் மாநிலத்தின் தெற்கே புதிதாக ஓர் எத்தனால் ஆலை வரப்போகிறதாம். பாமாயில் தரும் செம்பனை மரத்தை வெட்டிப் பிழிந்து, அந்தச் சாற்றில் ஈஸ்ட்டை விட்டு, வண்டிக்கு ஊற்றும் எரிபொருள் எடுக்கிற அதே வேலை. ஒருமுறை செய்தார்கள், மூடினார்கள், துருப்பிடிக்க விட்டார்கள். இப்போது உலகத்தில் யாரும் செய்யாத புதுமை போல மறுபடியும் தொடங்குகிறார்கள்.

“புதுசா சேர்ந்த பிள்ளைங்களுக்குப் பயிற்சி வைக்கிறோம் அக்கா. நீங்க வந்து பேசணும்னு இல்ல. உங்க அனுபவத்த எழுதிக் கொடுங்க, போதும். நான் வாசிச்சுக் காட்டுறேன்.”

“பயிற்சி யாரு கொடுக்கிறது?”

அவள் கோப்பிக் குவளையைக் கீழே வைத்தாள். “மிஸ்டர் தேவராஜ். அவருதான் ஆலோசகர். பாதுகாப்புப் பாடத்த அவருதான் தொடக்கி வைக்கிறாரு.”

அந்தப் பெயரை என் வீட்டுக் கூடத்தில் யாரும் சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது. எழுதித் தருகிறேன் என்றேன், ஒரே ஒரு நிபந்தனையோடு. அவர் பேசுவதற்கு முன்னால் இதை வாசிக்க வேண்டும். நிர்மலா கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் பிலோமினா. பத்து காஜாவுக்கு அருகில் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். அம்மா ரப்பர் பால்மரம் சீவினார். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்ததும் ஈப்போவில் ரொட்டிக்கான ஈஸ்ட் தயாரிக்கும் ஆலையில் ஆய்வுக்கூட உதவியாளராகச் சேர்ந்தேன். அங்கே கழிந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஈஸ்ட் என்பது கடையில் விற்கும் தூள் அல்ல, உயிருள்ள பூஞ்சை என்பதைக் கற்றேன். அதற்குப் பசிக்கும், சூடு தாங்காது, அழுக்குக் கைபட்டால் தோற்றுப்போகும். அதை வளர்க்கவும் எண்ணவும் தெரிந்துகொண்டேன். அந்த ஆலையை வேறு மாநிலத்துக்கு மாற்றியபோது, சுங்காய் பக்கம் எத்தனால் ஆலை ஒன்று ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டுப் போனேன்.

ரப்பர் தோட்டமாக இருந்து, பிறகு செம்பனைக்கு மாறிய நிலத்தின் நடுவில் இருந்தது அந்த ஆலை. செம்பனைக்கு வயதானால் குலை தள்ளுவது குறையும், உயரமும் எட்டாது. மறுநடவுக்காக மரத்தைச் சாய்ப்பார்கள். சாய்த்த மரம் அதுவரை காட்டிலேயே கிடந்து மக்கியது, அல்லது வண்டுக்கு இரையானது. அந்தத் தண்டுக்குள் இனிப்பான சாறு இருக்கிறது. வெட்டியதும் பிழிவதைவிடச் சில வாரம் கிடக்கவிட்டுப் பிழிந்தால் இனிப்பு கூடும். லோரியில் வரும் தண்டுகளைத் தோல் சீவி, நடுப்பகுதியை உருளைகளுக்குள் விட்டு நசுக்கி, வரும் சாற்றை வடிகட்டிக் கொதிக்கவைத்து ஆற்றி, டேங்கில் நிரப்பி ஈஸ்ட்டை விடுவோம். அது சர்க்கரையைத் தின்னும். சாராயத்தையும் கரியமில வாயுவையும் வெளிவிடும். சாராயத்தை மேலும் வடித்தால் எரிபொருள்.

ஈஸ்ட்டை வளர்ப்பது என் வேலை. சோதனைக் குழாயில் இருக்கும் ஒரு கீற்றைச் சுட்ட கம்பியால் தொட்டெடுத்துச் சின்னக் குடுவையில் விட வேண்டும். அது கலங்கியதும் பெரிய குடுவை, பிறகு விதை டேங்க், கடைசியில் பெரிய டேங்க். ஒவ்வொரு படியிலும் ஒரு துளி எடுத்து, நீலச் சாயம் கலந்து, நுண்ணோக்கியின் கீழ் பார்ப்பேன். உயிரோடு இருக்கும் ஈஸ்ட் சாயத்தை ஏற்காமல் வெளுப்பாக நிற்கும். செத்தது நீலமாகிவிடும். நீலம் அதிகம் தெரிந்தால் அந்தக் குடுவையைக் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து. இதில் அவசரம் செல்லாது.

டேங்க் பக்கத்து வேலையைப் பார்த்தவன் கணேசன். சுங்காய்க்காரன். முன்பு குலை வெட்டியவன். என் ஈஸ்ட்டுக்கு அவன் ஒரு பெயர் வைத்திருந்தான்.

“உங்க மருமகனுங்க எப்படி இருக்கானுங்க அக்கா? சும்மா ஒக்காந்து இனிப்புத் திங்க வேண்டியது, தண்ணி போட வேண்டியது, காத்து விட வேண்டியது. கெர்ஜா, வேலைன்னு ஒண்ணும் இல்ல. எங்க மச்சானும் இப்படித்தான் லா.”

அவனுக்குக் கீழே பம்ப் ஓட்டியவன் அவன் தம்பி ரவி. அண்ணன் இருக்கும் இடத்தில் ரவி அதிகம் பேசமாட்டான், சிரிப்பதோடு சரி. எங்கள் முதல் டேங்க் சாராயத்தை வடித்து எடுத்த அன்று, கணேசன் புல்வெட்டும் இயந்திரத்தில் அதை ஊற்றிக் கயிற்றை இழுத்தான். இரண்டு தரம் இருமிவிட்டு அது ஓடியது. ரவி அந்தப் புகையில் முகத்தை வைத்து, “கள்ளு வாசம்ணே!” என்று கத்தினான். எல்லோரும் கைதட்டினோம். தேவராஜும் கைதட்டினார். அந்த நாளை நினைத்தால் இப்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஆனால் அன்று நான் மகிழ்ச்சியாக இருந்தேன் என்பதை மறைக்கமுடியாது.

தேவராஜ் எங்கள் ஆலை நிர்வாகி. அவரைப் பற்றி நான் சரியாகச் சொல்லவேண்டும். கெட்டவர் என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டால் நீங்கள் யாரும் அவரைப் போன்ற ஒருவரை அடையாளம் கண்டுகொள்ள மாட்டீர்கள்.

எல்லோர் சட்டையிலும் செம்பனைச் சாற்றின் கறை இருக்கும் இடத்தில், அவர் நீளக் கைச்சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வருவார். குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. கூட்டிப் பெருக்குபவரையும் ‘நீங்க’ என்றுதான் பேசுவார். என்னை ‘மிஸ்’ என்பார். ஏதாவது கண்டித்துச் சொல்லவேண்டியிருந்தால் முதலில் கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் ஒவ்வொரு பக்கமாகத் துடைப்பார். அவர் துடைக்கத் தொடங்கியதுமே நாங்கள் கையிலிருந்த வேலையை நிறுத்திவிடுவோம். நம் ஆட்களில் ஒருவர் படித்து அந்த நாற்காலிக்கு வந்திருக்கிறார் என்று எங்களுக்கெல்லாம் பெருமை. கணேசனுடைய அம்மா தைப்பூசத்துக்கு அர்ச்சனை செய்யும்போது தன் பிள்ளைகளின் பெயரோடு அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வார்.

டேங்குக்குள் இறங்கும் விஷயத்தில் அவரைப் போலக் கண்டிப்பானவரை நான் பார்த்ததில்லை. டேங்கைக் காலி செய்தபிறகு அடியில் கசடு தங்கும். ஆள் இறங்கித்தான் அதைச் சுரண்ட வேண்டும். சாராயம் போய்விட்டாலும் ஈஸ்ட் விட்ட வாயு உள்ளே கிடக்கும். மீதமுள்ள கசடும் குமிழி விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் முதலில் ஊதுவிசிறியை வைத்து அடிவரைக்கும் புதுக்காற்றைச் செலுத்தவேண்டும். பிறகு வாயுமானியைக் கயிற்றில் கட்டி இறக்கி அளக்கவேண்டும். இறங்குகிறவர் இடுப்பிலும் தோளிலும் வாரும் கயிறும் போடவேண்டும். வாசலில் ஒருவர், வேறெந்த வேலையும் இல்லாமல், அவரையே பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். வாயுமானி என் பொறுப்பில் இருந்தது. நான் சரி என்று சொன்னபிறகுதான் யாரும் உள்ளே போகலாம்.

புதிதாக ஆள் சேரும்போதெல்லாம் தேவராஜ் கேன்டீனில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைப்பார். டேங்கிலிருந்து வாயு வெளியேறும் குழாயில் பிடித்துவந்த ஜக் ஒன்று கையில் இருக்கும். ஜக்கைச் சுற்றிக் காட்டுவார். உள்ளே ஒன்றும் இல்லை. தண்ணீர் ஊற்றுவதுபோல அந்த ‘ஒன்றுமில்லாததை’ மெதுவாகச் சாய்ப்பார். சுடர் அணைந்துவிடும்.

“காத்தைவிடக் கனம்,” என்பார். “அதனால பள்ளத்துல போய்த் தங்கும். மேல வாய் திறந்திருந்தாலும் தானா ஏறிப் போகாது. உங்க மூக்கை நம்பாதீங்க, வாயுமானியை நம்புங்க. ஒருத்தர் விழுந்துட்டா இன்னொருத்தர் உள்ள குதிக்கக் கூடாது. முதல் ஆளு விபத்து. ரெண்டாவது ஆளு நாம செய்யற கொலை.”

நான் அதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

மூன்றாம் டேங்க் பிறகு கட்டியது. அதன் அடிப்பாகத்தைத் தரைமட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் இறக்கியிருந்தார்கள். பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில் வட்டமான ஒரு வாசல். அதில் நுழைந்து உள்ளே ஏணியில் இறங்கவேண்டும். எங்களுக்கு யாருக்கும் அந்த டேங்கைப் பிடிக்காது.

ஆலையைப் பார்வையிட ஒரு பெரிய மனிதர் வருகிறார் என்று சொன்னார்கள். நுழைவாயில் பக்கம் கூடாரம் போட்டார்கள். தலைமையகத்திலிருந்து ஆட்கள் வந்து, மூன்றாம் டேங்க் ஓடிக்கொண்டிருக்கும்போது அவருக்குக் காட்டவேண்டும் என்றார்கள். ஆனால் டேங்க் காலியாக இருந்தது. அடியில் கசடு அடைத்துக்கொண்டு கிடந்தது. அதைச் சுரண்டினால்தான் புதுச்சாறு ஏற்றமுடியும். அன்று காலையில் என்னை ஆய்வுக்கூடத்தைவிட்டு நகரவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். விருந்தாளி பார்ப்பதற்காக நுண்ணோக்கியில் ஈஸ்ட்டைத் தயாராக வைக்க வேண்டும்.

எங்கள் எல்லோரிடமும் வாக்கிடோக்கி இருந்தது. எல்லாம் ஒரே அலைவரிசை. ஒருவர் பேசினால் ஆலை முழுக்கக் கேட்கும். முதலில் கணேசனின் குரல் வந்தது.

“சார், இங்க ஊதுவிசிறியக் காணோம். யாரு எடுத்தது?”

“கூடாரத்துல புழுக்கமா இருக்குன்னு நான்தான் அங்க வைக்கச் சொன்னேன், கணேசன்.”

“அப்ப எப்படி சார் இறங்குறது?”

பிறகு அதே தாழ்ந்த குரல். “மேல் வாய் நேத்துலேருந்து திறந்துதானே இருக்கு. இந்நேரம் எல்லாம் போயிருக்கும். அடைப்பை மட்டும் எடுத்துட்டு ஏறிடுங்க. சின்ன வேலைதான். போலாம்.”

நான் பொத்தானை அழுத்தினேன். “சார், நான் இன்னும் டெஸ்ட் பண்ணல. நில்லுங்க, நான் வாரேன்.”

“மிஸ், நீங்க லேப்லயே இருங்க.”

நான் இருக்கவில்லை. வாயுமானியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆய்வுக்கூடத்துக்கும் மூன்றாம் டேங்குக்கும் நடுவில் தண்டுகளை அடுக்கிவைத்த களம் இருந்தது, அதைச் சுற்றித்தான் போகவேண்டும். நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் யாரும் இல்லை. ரவியைத் தண்ணீர்ப் பம்பைப் பார்க்க அனுப்பியிருந்தார்கள். வாசலில் குனிந்து பார்த்தேன். கணேசன் ஏணிக்கடியில், கசடில் பக்கவாட்டாகக் கிடந்தான். மண்வெட்டி இன்னும் கையில் இருந்தது. இடுப்பில் கயிறு இல்லை. வாயுமானியை உள்ளே நீட்டியதும் அது அலறியது.

“போம்பாவுக்கு போன் போடுங்க! ஊதுவிசிறியக் கொண்டாங்க!” என்று வாக்கிடோக்கியில் கத்தினேன். தீயணைப்புப் படையிடம்தான் முதுகில் மாட்டும் காற்றுப்பை இருந்தது, எங்களிடம் கிடையாது. களத்தில் இருந்த இருவர் கூடாரத்தை நோக்கி ஓடினார்கள். இன்னொருவர் காற்றுக் குழாய் ஒன்றை இழுத்துவந்தார், அதை உள்ளே திணித்தோம். அவ்வளவு பெரிய டேங்குக்கு அது எந்த மூலைக்கு?

பம்ப் பக்கமிருந்து ரவி ஓடிவந்தான். என்னைத் தாண்டி வாசலில் தலையை விட்டுப் பார்த்தான். “அண்ணே! அண்ணே!” பிறகு ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தான்.

நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவன் தடுமாறிப் பின்னால் விழுந்தான். எழுவதற்குள் நான் வாசலை முதுகால் அடைத்துக்கொண்டு நின்று, இரண்டு கைகளாலும் பக்கத்து இரும்பு விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

“விடுங்கக்கா! எங்க அண்ணன் உள்ள இருக்காரு!”

“நீ போனா நீயும் விழுவ ரவி. போம்பா வருது.”

“மூச்சுப் புடிச்சிக்கிட்டுப் போறேன். ஒரு நிமிஷம்கா!”

“தூக்கிக்கிட்டு ஏணி ஏற முடியாது. போகாத.”

அவன் என் கையைப் பிடித்து முறுக்கினான். நான் விடவில்லை. அவனும் அண்ணனைப் போலக் குலை வெட்டிப் பழகியவன். இரண்டாவது முறை இழுத்தபோது என் இடது தோளில் ஏதோ கழன்றது தெரிந்தது. கண் இருட்டியது. வலது கையை மட்டும் விடவில்லை. அவன் அழுதான், கெட்ட வார்த்தையில் திட்டினான், பிறகு என் காலைப் பிடித்துக் கெஞ்சினான். எனக்குப் பின்னால், டேங்குக்குள், கசடு குமிழி விடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் வளர்த்த ஈஸ்ட் அது.

தேவராஜ் வந்தார். கொஞ்சம் தள்ளி நின்றார். என்னைப் பார்த்து, “விடாதீங்க மிஸ்,” என்றார். அவர் சொல்லிக்கொடுத்த பாடத்தைத்தான் நான் என் உடம்பால் செய்துகொண்டிருந்தேன்.

ஊதுவிசிறி வந்தது. போம்பா வந்தது. கணேசனை வெளியே தூக்கிக் கிடத்தினார்கள். மூச்சு வரவைக்க முயன்றார்கள், கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டார்கள். அவன் முகத்தில் அடிபட்ட அடையாளம்கூட இல்லை.

அந்தப் பெரிய மனிதரின் வருகையை மாலைக்குத் தள்ளிவைத்தார்கள், ரத்து செய்யவில்லை. மூன்றாம் டேங்கைத் தார்ப்பாயால் மறைத்தார்கள். நான் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தேன். நிர்மலா பிறகு அழுதுகொண்டே சொன்னாள். வந்த பெரிய மனிதர் என் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, நீலப் புள்ளிகள் அழகாக இருப்பதாகச் சொன்னாராம்.

துக்க வீட்டுக்குக் கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு போனேன். கணேசனின் மனைவி சாந்தி பெண்களுக்கு நடுவில் கிடந்தாள். ரவி வாசலில் நின்று என்னைப் பார்த்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டான். நான் அவனைத் தடுத்ததால் அந்தக் கோபம் என்று நினைத்தேன். அது நியாயமான கோபம் என்றும் பட்டது. அப்படியே திரும்பிவிட்டேன்.

விசாரணைக்கு எங்களை ஒவ்வொருவராக அழைத்தார்கள். நான் கேட்டதைக் கேட்டபடியே சொன்னேன். ஊதுவிசிறியை எடுத்தது யார், “போலாம்” என்று சொன்னது யார், “லேப்லயே இருங்க” என்று சொன்னது யார், எல்லாவற்றையும். கேட்ட அதிகாரி நிமிர்ந்து பார்த்து, “வேறு யாருக்கும் இது கேட்கவில்லையே?” என்றார். ஆலை முழுக்க ஒரே அலைவரிசை. ஆனால் ஒருவருக்கு அப்போது பேட்டரி இல்லையாம், ஒருவர் கழிவறையில் இருந்தாராம், ஒருவருக்கு வெறும் இரைச்சல்தான் வந்ததாம். நிர்மலா அன்று கூடாரத்தில் பூச்சட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள், வாக்கிடோக்கியை ஆய்வுக்கூடத்திலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். தேவராஜ் என்ன சொன்னார் என்பதை அறையிலிருந்து வெளியே வந்த எழுத்தர் எனக்குச் சொன்னார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “அனுபவமுள்ள ஆளு. ஏன் அனுமதி இல்லாம இறங்கினாருன்னு எனக்கே புரியல. ரொம்ப வருத்தமா இருக்கு,” என்றாராம்.

தொழிலாளி விதியை மீறி உள்ளே இறங்கினார் என்று முடிவானது.

நான் சாந்தியைத் தேடிப் போனேன். அவளுக்காவது உண்மை தெரியட்டும் என்று நினைத்தேன். கேட்டைத் திறக்காமல் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள். முடித்ததும் சொன்னாள்:

“ரவியும் அங்கதானேக்கா இருந்தான். சொந்தத் தம்பிக்குக் கேக்காதது உங்களுக்கு மட்டும் எப்படிக் கேட்டுச்சு?”

பம்ப் பக்கத்தில் காதைக் கிழிக்கும் சத்தம். அவனுக்கு உண்மையிலேயே கேட்டிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு என்னை ஆய்வுக்கூடத்துக்குள் விடவில்லை. தோள் சரியில்லாதவர் குடுவை தூக்கக்கூடாது என்று அக்கறையோடு சொல்லி, லோரிகளை நிறுக்கும் எடைப்பாலத்துக்கு மாற்றினார்கள். அந்த உத்தரவைத் தேவராஜே நேரில் வந்து சொன்னார். “உங்க நன்மைக்குத்தான் மிஸ்.” ரவியை ஷிப்ட் தலைவராக்கினார்கள். அண்ணனை இழந்தவனுக்கு ஆறுதல் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவன் ஒவ்வொரு நாளும் மோட்டார் சைக்கிளில் எடைப்பாலத்தைத் தாண்டிப் போவான், தலையைத் திருப்பமாட்டான். தேவராஜ் பதவி உயர்ந்து தலைமையகத்துக்குப் போனார். சில வருடத்தில், பெட்ரோலோடு போட்டிபோட முடியவில்லை என்று ஆலையையே மூடினார்கள். நான் ஓய்வு பெற்றேன்.

இதோடு நிறுத்தியிருப்பேன். நிர்மலா வந்துபோன பிறகு நடந்ததையும் எழுதவேண்டியிருக்கிறது.

என் தோளுக்கு இப்போதும் பத்து காஜா ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறேன். போன வாரம் மருந்து வாங்கும் இடத்தில் என் எண்ணைக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தபோது, பக்கத்து நாற்காலியில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். ஒரு காலில் கட்டு, கையில் ஊன்றுகோல். தலை முழுக்க நரைத்திருந்தது. அவர் பேசியபிறகுதான் ரவி என்று தெரிந்தது.

“அக்கா, தோளு இன்னும் வலிக்குதா?”

“மழை வந்தா வலிக்கும். உனக்கு?”

“சீனி வியாதி. ரெண்டு விரலை எடுத்துட்டாங்க.”

எண்கள் மாறிக்கொண்டிருந்தன. அவன் ஊன்றுகோலின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தான். எழுந்து வேறு இடம் போய்விடலாமா என்று நான் யோசித்தபோது அவன் சொன்னான்:

“எனக்குக் கேட்டுச்சுக்கா.”

“என்ன?”

“ரேடியோ. பம்ப் அப்ப ஓடல, நான் இன்னும் ஸ்டார்ட் பண்ணல. எல்லாமே கேட்டுச்சு. ‘போலாம்’னு சொன்னாரு. நீங்க ‘நில்லுங்க, வாரேன்’னு சொன்னதும் கேட்டுச்சு. விசாரணைக்கு மொத நாளு தேவராஜ் சாரு எங்க வீட்டுக்கு வந்தாரு. அம்மாகிட்ட ஒக்காந்து அழுதாருக்கா. நெசமாவே அழுதாரு. போறப்ப, ‘ஆலைய மூடிட்டா இத்தனை குடும்பமும் சூசாவாயிடும், சோத்துக்கே கஷ்டப்படும் ரவி, யோசிச்சுப் பேசுங்க’ன்னாரு. அவ்வளவுதான்.”

“நான் உன்னைத் தடுத்ததாலதான் நீ பேசலைன்னு நெனச்சேன்.”

“ஐயோ, இல்லக்கா. நீங்க விட்டிருந்தா எனக்குப் பிள்ளைங்களே கெடயாது. உங்க மூஞ்சியப் பாக்க முடியலக்கா.”

அவன் எதையோ எதிர்பார்த்து என்னைப் பார்த்தான். பரவாயில்லை என்று நான் சொல்லவேண்டும் என்பது தெரிந்தது. எனக்கு வாய் வரவில்லை. அத்தனை வருடம் எடைப்பாலத்துக் கூண்டில் உட்கார்ந்து, ஒருவேளை நான்தான் தப்பாகக் கேட்டேனோ என்றுகூட நான் சந்தேகப்பட்டிருக்கிறேன். அதற்கு என்ன பரவாயில்லை?

“சாந்திகிட்ட சொல்லிட்டியா?” என்று கேட்டேன்.

அவன் தலை குனிந்தான்.

“எந்திரி. என் காடி வெளிய நிக்குது, அதிலயே போலாம்.”

“இன்னைக்கேவா அக்கா?”

“மருந்த வாங்கு. போலாம்.”

வழிநெடுக அவன் ஊன்றுகோலை மடியில் பிடித்துக்கொண்டு வந்தான். சாந்தி சுங்காயில் அதே வீட்டில்தான் இருந்தாள். பிள்ளைகள் இருவரும் சிங்கப்பூரில் வேலை. என்னைப் பார்த்ததும் முகம் மாறியது, பின்னால் ரவி ஊன்றுகோலோடு இறங்குவதைப் பார்த்துக் கேட்டைத் திறந்தாள். கூடத்தில் உட்காரவைத்தாள். சுவரில் மாலை போட்ட கணேசனின் படம். கோப்பிக்குத் தண்ணீர் வைத்துவிட்டுக் கரண்டியோடு வந்தவளை ரவி, “இருங்க அண்ணி,” என்று நிறுத்தினான்.

அவன் சொல்லி முடிக்கும்வரை அவள் நின்றுகொண்டே கேட்டாள். கையில் பிடித்திருந்த கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. ரவி அழுதான். அவள் அழவில்லை. அவனைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன், என்னிடம் மன்னிப்புக் கேட்பாள் என்றுகூட நினைத்தேன். அவள் எங்கள் இருவரையும் பார்க்கவே இல்லை.

“அவரு தானா போகல,” என்றாள்.

“இல்ல அண்ணி. போகச் சொன்னாங்க. அண்ணன் ஊதுவிசிறி கேட்டாரு.”

“கேட்டாரா?”

“கேட்டாரு. ‘அப்ப எப்படி சார் இறங்குறது’ன்னு கேட்டாரு.”

சாந்தி சுவர்ப் பக்கம் திரும்பினாள். “ஒவ்வொரு திதிக்கும் படையல் போட்டுட்டு அந்தப் படத்தத் திட்டுவேன்கா. யாரு சொல்லி உள்ள எறங்குன, பொண்டாட்டி பிள்ளைங்க நெனப்பு இல்லையா உனக்குன்னு. பிள்ளைங்ககிட்டயும் அப்படித்தான் சொல்லி வளத்தேன். உங்கப்பன் மாதிரி பொறுப்பில்லாம இருக்காதீங்கடான்னு.”

அவள் நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டு ஏறி, படத்தைக் கழற்றி, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். கோப்பிக்கு வைத்த தண்ணீர் கொதித்துக் கொதித்து வற்றும் சத்தம் கேட்டது. அவள் அடுப்பை அணைக்கவில்லை. தாழ்ந்த குரலில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். வீட்டில் எங்களைத் தவிர வேறு யாரும் இல்லை.